ஜக்கார்டும் லியோன் நகரத்து நெசவாளரும்

ஜக்கார்டு என்னும் சொல்லை அறியாத நெசவாளர் குடும்பம் நம் சங்கங்களில் இராது. "ஜக்கார்டு பழுது", "ஜக்கார்டு கட்ட ஆள் வரவில்லை", "120 கொக்கி போதாது, 240 வேண்டும்" என்று அச்சொல் நாள்தோறும் தறிக்கூடங்களில் புழங்குகிறது. ஆயினும் அது ஒரு மனிதரின் பெயர் என்று சொன்னால் வியப்புறுவோர் பலர். நாம் பார்வையிடச் சென்ற சங்கம் ஒன்றில், அது பெட்டியைச் செய்து விற்கும் கம்பெனியின் பெயர் என்று முதிய அங்கத்தினர் ஒருவர் அடித்துக் கூறினார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. நூற்றுக்கணக்கான ஆண்டுகளாகப் பூவேலை நெய்த கைகளில் எத்தனையோ பேர் பெயரின்றி மறைந்தனர். ஒரு கருவியின்மேல் தம் பெயர் நிலைக்கப் பெற்றவர் மிகச் சிலர்.

அம்மனிதரின் வரலாற்றையும், அவர் யந்திரம் செய்யும் வேலையையும், அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே அவருடைய ஊர் நெசவாளர் பட்ட பாட்டையும் இம்மாதப் பாடத்தில் கூற விரும்புகிறோம். பயிர்த்தொழில் செய்யும் அங்கத்தினர்கள் இதனைத் தறிக்காரர் விஷயம் என்று தள்ளிவிட வேண்டா. நிலம் ஒருவனுடையதாகவும், விதைக்குக் கடன் கொடுப்பவனும் விளைந்ததற்கு விலை சொல்பவனும் மற்றொருவனாகவும் இருக்கும் நிலைமை எப்படிப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரியும். லியோன் நகரத்துத் தறிக்காரரின் கதையும் ஏறக்குறைய அதுவே.

பிரான்சு நாட்டின் தென்கிழக்கே, ரோன், சோன் என்னும் இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் லியோன் நகரம் அமைந்துள்ளது. பதினாறாம் நூற்றாண்டு தொடங்கிப் பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர் அது. அரண்மனைச் சுவர்களை மூடிய பூவேலைப் பட்டுகளும், பிரபுக்களின் உடைகளும் அவ்வூர்த் தறிகளிலிருந்து சென்றன. அங்கே 1752-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் தேதி ஜோசப் மரீ பிறந்தார். குடும்பத்தின் உண்மைப் பெயர் ஷார்ல். அதே பெயருடைய குடும்பங்கள் பல இருந்தமையால், அடையாளத்திற்காக இக்கிளையினரை ஊரார் ஜக்கார் என்ற பட்டப்பெயரால் அழைத்தனர். நம் ஊர்களில் வீட்டுப்பெயர் வழங்குவது போன்றதே இதுவும். நாம் அதனை ஆங்கிலேயர் வாயிலாகப் பெற்று ஜக்கார்டு ஆக்கிக்கொண்டோம்.

தந்தையார் சொந்தத் தறி வைத்துப் பூவேலைப் பட்டு நெய்தவர். தாயார், தாளில் வரைந்த சித்திரத்தைக் கட்டம் கட்டமாகப் படித்து, எந்தப் பாவிழை எப்போது எழ வேண்டும் என்பதைத் தறிக் கயிறுகளில் ஏற்றும் வேலை செய்தவர். ஆகவே பின்னாளில் மகன் யந்திரத்திடம் ஒப்படைத்த வேலைகளில் ஒன்றைத் தாயாரே கையால் செய்துவந்தார் எனலாம். ஒன்பது குழந்தைகள் பிறந்த அக்குடும்பத்தில் இருவரே வளர்ந்து ஆளாயினர். பத்து வயதில் தாயையும் இருபது வயதில் தந்தையையும் ஜக்கார் இழந்தார். பதின்மூன்று வயதுவரை எழுத்தறியாதிருந்த அவருக்கு, அச்சுக்கூடமும் புத்தக வியாபாரமும் நடத்திய சகோதரியின் கணவரே கல்வி புகட்டினார்.

தந்தை விட்டுச் சென்ற வீடு, தறி, திராட்சைத் தோட்டம், கற்சுரங்கம் ஆகிய யாவும் சில ஆண்டுகளில் கடனுக்குப் போயின. 1778-இல் மணந்த மனைவியின் சொத்திலும் பெரும்பகுதி அவ்வாறே கரைந்தது. கண்டுபிடிப்பாளர்களின் சரித்திரத்தை எழுதுவோர் இப்பகுதியை மறைத்துவிட்டு, சிறுவயது முதலே அவர் யந்திரக் கனவு கண்டு வந்ததாக எழுதுவர். அவ்வாறு எழுதுவதால் அவருக்குப் பெருமை கூடுவதாக நாம் கருதவில்லை. நாற்பது வயதுவரை அவர் கடன்பட்ட ஒரு சாதாரண மனிதர், அவ்வளவே. 1793-இல் லியோன் நகரம் புரட்சி அரசாங்கத்தை எதிர்த்தபோது, நகரைக் காத்தவர்களுடன் நின்றார். நகரம் வீழ்ந்ததும் மகனுடன் தப்பியோடி, வேறு பெயரில் அதே அரசாங்கத்தின் படையில் சேர்ந்தார். பின்னர் போரில் அந்த ஒரே மகனும் மாண்டான். 1798-ஐ ஒட்டி ஊர் திரும்பியபோது அவருக்கு மகனும் இல்லை. கையில் பொருளும் இல்லை. முதல் தறிக்கு அவர் காப்புரிமை பெற்றது 1800-ஆம் ஆண்டு டிசம்பரில். அப்போது வயது நாற்பத்தெட்டு.

கயிறு இழுத்த பிள்ளைகள்

யந்திரத்தைப் பற்றி அறியுமுன், அதற்கு முன்பிருந்த தறியை அறிதல் வேண்டும். சாதாரணத் துணிக்கு இரண்டு விழுதும் இரண்டு மிதியும் போதும். பாவின் பாதி எழ, பாதி தாழ, நடுவே நாடா ஓடும். பூவேலைக்கு இம்முறை உதவாது. பூவின் ஒவ்வொரு வரியிலும் வெவ்வேறு இழைகள் எழவேண்டும். ஆயிரக்கணக்கான இழைகளை நெசவாளர் ஒருவரே பிரித்தெடுத்து, நாடாவும் ஓட்டி, பலகையும் அடிப்பது ஆகாத காரியம். எனவே இழைகளைக் கயிறுகளில் கட்டி மேலே கொண்டுபோய், தறியின் பக்கவாட்டில் தொங்கவிட்டு, அங்கே ஒரு பிள்ளையை நிறுத்தினர். நெசவாளர் குரல் கொடுக்க, பிள்ளை உரிய கயிற்றுக் கொத்தை இழுத்துப் பிடித்து நிற்கும். நாடா ஓடியபின் விட்டுவிடும். பிறகு அடுத்த கொத்து.

காஞ்சிபுரத்தில் 'அடை' என்ற பெயரால் வழங்கிய முறையும் இதற்கு உறவானதே. அங்கும் ஒருவர் நெய்ய ஒருவர் இழுத்தனர். அதனை நேரில் கண்ட முதியோர் சொல்லக் கேட்டால், லியோன் நகரத்துத் தறியைக் கற்பனை செய்துகொள்வது எளிது.

லியோனில் கயிறு இழுத்தவர்களில் பெரும்பாலோர் சிறுவர் சிறுமியர். பாவிழைகளோடு அவற்றை நிமிர்த்தி நிறுத்தும் பாரங்களையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருந்தமையால் அது இலேசான வேலையன்று. விடியல் முதல் இரவு வரை கோணலாக நின்று இழுத்ததில் கைகால் திருகிப்போன பிள்ளைகள் உண்டு. ஒரு கொத்து தவறினால் பூ கெடும். பூ கெட்டால் துணிக்கு விலை குறையும். விலை குறைந்தால் வசவும் அடியும் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்நிலையை மாற்ற முயன்றவர் ஜக்கார் ஒருவர் மட்டுமல்லர். இவ்விடத்தில் சற்று நின்று சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் பாடப்புத்தகங்கள் ஒரே பெயரைச் சொல்லி முடித்துவிடுகின்றன. 1725-ஆம் ஆண்டில் அதே லியோனில் பசீல் பூஷோன் என்பவர், துளையிட்ட நீண்ட காகிதச் சுருளைக்கொண்டு எந்தக் கயிற்றை இழுப்பது என்பதைத் தறியே காட்டும்படி செய்தார். மூன்று ஆண்டுகளில் பால்கோன் என்பவர், கிழியும் காகிதத்தை நீக்கி, ஒன்றோடொன்று கோத்த அட்டைகளைப் புகுத்தினார். இவ்விரண்டிலும் பிள்ளை போகவில்லை. பிள்ளையின் தவறுதான் குறைந்தது. 1745-இல் வோகான்சோன் என்பவர், கருவியைத் தறியின் பக்கத்திலிருந்து தலைமேல் ஏற்றி, ஆளில்லாமல் தானே இயங்கும்படி அமைத்தார். ஆனால் சித்திரத்தை ஓர் உருளையில் துளையிட்டமையால், உருளையின் சுற்றளவுக்குமேல் பெரிய பூ போட முடியவில்லை. கருவி காட்சிப் பொருளாயிற்று.

வோகான்சோன் அரசாங்கத்தால் 1741-இல் நியமிக்கப்பட்ட பட்டுத்தொழில் இன்ஸ்பெக்டர் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க மனமில்லை. 1744-இல் தறிக்காரரைப் பாதிக்கும் புதிய விதிகள் வெளிவரக் காரணமாக இருந்தார் என்று லியோன் நெசவாளர் அவர்மேல் சினங்கொண்டு எழ, அவர் ஊரை விட்டு ஓட நேர்ந்தது. இன்ஸ்பெக்டர்கள் விதி எழுதுமுன் தறிக்காரரைக் கலந்துகொள்வது நலம் என்பதற்கு இதைவிடப் பழைய அத்தாட்சி நமக்குக் கிடைக்கவில்லை.

நிற்க. 1801-ஆம் ஆண்டு பாரீஸ் பொருட்காட்சியில் ஜக்காரின் முதல் தறி வெண்கலப் பதக்கம் பெற்றது. மீன்வலை பின்னும் கருவி ஒன்றையும் அவர் செய்தார். 1803-இல் அரசாங்கத்தார் அவரைப் பாரீஸிலிருந்த கைத்தொழிற் காட்சிசாலைக்கு வரவழைத்தனர். அங்கே வோகான்சோனின் தறி பழுதுற்றுக் கிடந்தது. அதனைப் பிரித்து ஆராய்ந்தார். தலைமேல் ஏறிய அமைப்பை அதிலிருந்து எடுத்துக்கொண்டார். உருளையின் குறையைப் பால்கோனின் அட்டைச் சங்கிலியால் நீக்கினார். 1804-இல் பிறந்த யந்திரம் இதுவே. ஆக, பூஷோனின் துளையும் பால்கோனின் அட்டையும் வோகான்சோனின் ஏற்றமும் ஜக்காரின் கையில் ஒன்றுகூடின. அதன்பிறகும் யந்திரம் இடறிக்கொண்டுதான் இருந்தது. அட்டைகளைச் சீராக நகர்த்தும் பகுதியை 1815-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரெத்தோன் என்னும் கைவினைஞர் திருத்தியமைத்த பின்னரே அது தறிதோறும் ஏறியது. கூட்டு முயற்சியில் விளைந்த பொருளுக்கு ஒருவர் பெயர் அமைந்தது என்று கூறுவதே நேர்மை. அதனால் ஜக்காரின் பங்கு சிறியதாகிவிடாது. கண்முன் கிடந்த துண்டுகளை எத்தனையோ பேர் கண்டனர், பொருத்தியவர் அவர்.

அட்டையின் வேலை

தினமும் ஜக்கார்டின் கீழ் அமர்ந்திருக்கும் அங்கத்தினருக்கு இது புதிதன்று. எனினும், பெட்டிக்குள் நடப்பதை ஒருமுறை கூறிவிடுகிறோம். இளைஞர்கள் கேட்டால் சொல்ல உதவும்.

பெட்டிக்குள் செங்குத்தாகக் கொக்கிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு கொக்கியின் அடியிலும் பாவிழையைத் தாங்கும் கயிறு தொங்குகிறது. ஒவ்வொரு கொக்கியையும் படுக்கைவாட்டில் ஓர் ஊசி தழுவி நிற்கிறது. ஊசியின் பின்னே ஒரு சுருள்வில். ஊசிகளின் முனைகளுக்கு எதிரே நான்கு பக்கமுடைய துளைக்கட்டை. அதன்மேல் அட்டை வந்து படிகிறது. மிதியை அழுத்தும்போது கட்டை அட்டையோடு ஊசிகளின்மேல் சாய்கிறது. அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி துளைக்குள் புகுந்துவிடும். அதன் கொக்கி நகராமல் நின்று, மேலே எழும் கத்தியில் மாட்டி உயரும். அதன் பாவிழையும் எழும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைப் பின்னுக்குத் தள்ளும், கொக்கி கத்தியிலிருந்து விலகித் தங்கிவிடும், இழையும் எழாது. நாடா ஓடியதும் கட்டை கால் சுற்றுத் திரும்பி, அடுத்த அட்டையை முன்வைக்கிறது. துளை என்றால் எழு, துளையில்லை என்றால் இரு. அட்டை பேசுவது இந்த இரண்டே சொல். இவ்விரண்டு சொற்களைக்கொண்டு மயிலும் மாங்காயும் யாளியும் நெய்யப்படுகின்றன.

ஊடை ஒன்றுக்கு அட்டை ஒன்று. ஆகவே பூவின் நீளம் அட்டைகளின் எண்ணிக்கையே அன்றி, உருளையின் அளவன்று. அட்டைக் கட்டை அவிழ்த்து வேறொரு கட்டை மாட்டினால் வேறொரு பூ. பழைய முறையில் பூவை மாற்றத் தறிக் கயிறுகளைப் புதிதாகக் கட்ட வாரக்கணக்கில் நாள் பிடித்தது. கயிறு இழுக்கும் பிள்ளைக்கும் இனி இடமில்லை. ஒருவர், ஒரு மிதி.

ஒரு சொல் நம் ஊரைக் குறித்துக் கூற வேண்டும். உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் இணையும் கோர்வைப் புடவையில், மூன்று நாடா ஓட வேண்டியிருப்பதால், ஜக்கார்டு ஏறியபின்னும் தறியின் ஓரத்தில் உதவியாள் இருந்தே வருகிறார். யந்திரம் எடுத்துக்கொண்டது இழை பொறுக்கும் வேலையை; கோர்க்கும் வேலையை அன்று. ஜக்கார்டு வந்தால் கோர்வைக் கூலியில் உதவியாள் பங்கைக் குறைக்கலாம் என்று யாரேனும் வாதித்தால், அங்கத்தினர் இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டலாம்.

பொதுச் சொத்தான யந்திரம்

1805-ஆம் ஆண்டு ஏப்ரலில் நெப்போலியன் லியோனுக்கு வந்தார். யந்திரத்தின் உரிமை தனி மனிதரிடம் இராமல் பொதுவாக்கப்பட்டது. ஜக்காருக்கு ஆயுட்கால உபகாரச் சம்பளமாக ஆண்டுக்கு 3,000 பிராங்கும், 1805 முதல் 1811 வரை விற்பனையாகும் ஒவ்வொரு தறிக்கும் 50 பிராங்கு வீதமும் அளிக்க ஏற்பாடாயிற்று. தச்சரும் கொல்லரும் அனுமதி கேட்காமலே யந்திரத்தைச் செய்யலாம். எந்தத் தறிக்காரரும் வாங்கலாம். கண்டுபிடித்தவரும் பட்டினி கிடக்கவில்லை. கண்டுபிடிப்பும் பூட்டி வைக்கப்படவில்லை. இதைவிட நியாயமான ஏற்பாட்டைக் காண்பது அரிது என்பது நம் அபிப்பிராயம்.

ஆயினும் யந்திரத்தை எல்லோரும் வரவேற்றுவிடவில்லை. ஊரார் அதனைச் சதுக்கத்தில் போட்டு உடைத்ததாகவும், ஜக்காரை ஆற்றில் தள்ள முயன்றதாகவும் கதைகள் வழங்குகின்றன. கதைகள் வளரும் இயல்புடையவை. அவற்றை நீக்கிப் பார்த்தாலும் நெசவாளரின் அச்சம் உண்மையே. கயிறு இழுக்கும் பிள்ளைகள் தறிக்காரரின் வீட்டுப் பிள்ளைகளாகவோ, கூலிக்கு வந்த ஏழைப் பிள்ளைகளாகவோ இருந்தனர். அவர்களுடைய கூலி சிறிதாயினும் ஒரு வீட்டின் அடுப்பை எரித்தது.

அச்சத்தின் முதற்பகுதி உண்மையாகவில்லை. பட்டு நெசவு சுருங்காமல் விரிந்தது. யந்திரம் உயரமானது, பழைய வீடுகளின் கூரைக்குள் அடங்கவில்லை. குருவா ரூஸ் என்னும் குன்றின்மேல், தளத்துக்குத் தளம் நான்கு மீட்டர் உயரமும், ஒளி வரப் பெரிய சாளரங்களும் உடைய கட்டடங்கள் எழுந்தன. அவை இன்றும் நிற்கின்றன. கீழே தறி, பரண்மேல் படுக்கை, ஓரத்தில் அடுப்பு. வீடும் தொழிற்சாலையும் ஒன்றே.

நூல் யாருடையது?

யந்திரம் பொதுவாயிற்று, தறி தறிக்காரருடையது. அப்படியானால் குறை எங்கே இருந்தது? நூலில் இருந்தது.

லியோன் பட்டுத்தொழிலில் மூன்று வகுப்பார் இருந்தனர். பட்டு வியாபாரிகளுக்குத் தறியே கிடையாது. நூலும் சித்திரமும் அவர்களுடையவை. அவற்றைத் தறிக்காரரிடம் எடை போட்டுக் கொடுத்து, துணியாக எடை போட்டு வாங்கிக் கொண்டனர். இரண்டாவது வகுப்பார் தறிக்காரர்கள். சுமார் 8,000 பேர். வீட்டில் இரண்டு முதல் ஆறு தறி வரை வைத்திருந்தனர். மூன்றாவது வகுப்பார் அத்தறிகளில் நெய்த கூலி நெசவாளர். சுமார் 30,000 பேர். வியாபாரி கொடுத்த கூலியில் பாதி கூலி நெசவாளருக்கும், பாதி தறிக்காரருக்கும் என்பது வழக்கம். இந்நெசவாளரை அவ்வூரில் 'கனூ' என்று அழைத்தனர்.

ஆர்டர் மாறுந்தோறும் தறியைப் புதிதாகக் கட்டும் செலவும், கட்டும் நாட்களில் நெசவு நின்ற நட்டமும் தறிக்காரரின் தலையில் விழுந்தன. நூறு முழத்துக்கென்று கட்டிய தறியில் முப்பது முழம் நெய்ததும் ஆர்டர் நின்றுவிட்டால், கட்டிய கூலி என்னாவது? இத்தகைய வழக்குகளைத் தீர்க்க 1806-இல் ஒரு பஞ்சாயத்து நீதிமன்றம் சட்டப்படி அமைக்கப்பட்டது. ஒன்பது பேர் கொண்ட மன்றம். அதில் வியாபாரிகள் ஐவர், தறிக்காரர் நால்வர், கூலி நெசவாளர் ஒருவருமில்லை. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கை அங்கத்தினர் மனத்தில் குறித்துக்கொள்ளலாம். நிர்வாகக் குழுவின் அமைப்பைப் பற்றி நாம் சில சமயம் அதிகமாகப் பேசுவதாக எண்ணுபவர்களுக்கு இது பதிலாகும்.

யந்திரத்தால் வேலை விரைந்தது; விரைந்த அளவுக்குத் துணி மலிந்தது; மலிந்த அளவுக்கு வியாபாரி கூலியைக் குறைத்தார். 1825-க்குப் பின் வந்த வியாபார மந்தத்தில் கூலி மேலும் இறங்கியது. வியாபாரிகளுக்கும் ஒரு வாதம் இருந்தது. வெளிநாட்டுப் பட்டோடு போட்டியிட வேண்டும் என்றனர். அது முழுப் பொய்யன்று. ஆனால் போட்டியின் பாரம் எந்தத் தோளில் இறங்குவது என்பதை நூல் வைத்திருந்தவரே தீர்மானித்தார்.

1831-ஆம் ஆண்டு அக்டோபரில் தறிக்காரரும் கூலி நெசவாளரும் ஒன்றுகூடி, இன்ன துணிக்கு இன்ன கூலிக்குக் குறையக்கூடாது என்று ஒரு கூலிப் பட்டியல் வேண்டினர். மாகாண அதிகாரி இரு தரப்புப் பிரதிநிதிகளையும் அழைத்துப் பேசி, 25-ஆம் தேதி பட்டியலை முடித்துக் கொடுத்தார். ஊர் மகிழ்ந்தது. ஆனால் நூற்றுக்கு மேற்பட்ட வியாபாரிகள் தாங்கள் அதற்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர் என்றனர். பாரீஸிலிருந்த மந்திரிகளும் அவர்கள் பக்கமே சாய்ந்தனர். நவம்பர் 21-ஆம் தேதி குன்றிலிருந்து நெசவாளர் இறங்கி வந்தனர். துப்பாக்கி வெடித்தது. அவர்கள் ஏந்திய கறுப்புக் கொடியில், உழைத்து வாழ்வோம் அல்லது போரிட்டு மடிவோம் என்ற பொருளுடைய வாசகம் இருந்தது. இரண்டு நாள் சண்டைக்குப் பின் பட்டாளம் பின்வாங்க, நகரம் நெசவாளர் கைக்கு வந்தது. நகரைக் கைப்பற்றியவர்கள் செய்த முதற்காரியங்களில் ஒன்று, கொள்ளை நேராமல் காவல் வைத்தது. டிசம்பர் 3-ஆம் தேதி பெரும்படை உள்ளே புகுந்தது. கூலிப் பட்டியல் ரத்தாயிற்று. அதனை முடித்துக் கொடுத்த அதிகாரியும் அகற்றப்பட்டார்.

அங்கத்தினர் கவனிக்க வேண்டியது ஒன்று. இக்கலகத்தில் யந்திரத்தை ஒழிக்க வேண்டும் என்று நெசவாளர் கோரவில்லை. அவர்களுடைய தறிகளின்மேல் ஜக்கார்டு ஏறி உட்கார்ந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அது அவர்களுடைய சொந்த உடைமை. அவர்கள் கேட்டது விலை. இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் யந்திரத்தைப் பார்த்து அஞ்சிய ஊர், அதற்குள் உண்மையான எதிரி எது என்று கண்டுகொண்டது.

1834-ஆம் ஆண்டு ஏப்ரலில் மறுபடியும் கலகம் மூண்டது. இம்முறை அரசாங்கம் முன்கூட்டியே ஆயத்தமாயிருந்தது. ஆறு நாள் பீரங்கி முழங்க, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். நகரத்திற்குத் தெற்கேயுள்ள உல்லான் கிராமத்தில் வாழ்ந்துவந்த முதியவர் ஜக்கார் அவ்வாண்டு ஆகஸ்டு 7-ஆம் தேதி காலமானார். வயது எண்பத்திரண்டு.

சண்டைக்கு முன்னும் பின்னும் நடந்த அமைதியான காரியங்களே நமக்கு அதிகப் பாடமுடையவை என்று கருதுகிறோம். 1828-லேயே தறிக்காரர் சிலர் பரஸ்பர உதவிச் சங்கம் ஒன்றைக் கண்டனர். 1831 முதல் 1834 வரை தங்களுக்கென்று ஒரு வாரப் பத்திரிகை நடத்தினர். கூலி வழக்குகளின் தீர்ப்புகளை வாரந்தோறும் அச்சிட்டு, எந்த வியாபாரி எந்தத் துணிக்கு என்ன கொடுக்கிறார் என்பதை ஊரறியச் செய்தனர். இரகசியமாயிருந்த விலை வெளிப்பட்டதே பாதி வெற்றி. 1835-இல், கலக இரத்தம் காய்ந்த அதே குன்றின் சரிவில், தெரியோன் என்பவர் நண்பர்களுடன் ஒரு மளிகைப் பண்டகசாலை திறந்தார். சரியான எடை, கலப்படமற்ற சரக்கு, ஒரே விலை, இலாபத்தில் ஒரு பங்கு பொதுநிதிக்கு என்பன அதன் ஏற்பாடுகள். பிரான்சில் நுகர்வோர் கூட்டுறவின் முதற்கடை என்று சரித்திரக்காரர் அதனைக் கூறுவர். இங்கிலாந்தின் ராச்டேல் முன்னோடிகள் கடை திறந்த 1844-க்கு ஒன்பது ஆண்டு முந்தியது அது. அங்கேயும் முன்னோடிகளில் நெசவாளர் இருந்தனர் என்பது நாம் அறிந்ததே. தெரியோனின் கடை மூன்று ஆண்டுகளில் மூடப்பட்டது. எனினும் நூல் வைத்திருப்பவனிடம் கெஞ்சாமல், பண்டத்தையும் நூலையும் தாங்களே சேர்ந்து வாங்கலாம் என்ற எண்ணம் அக்குன்றைவிட்டு நீங்கவில்லை.

நம் நாட்டில் 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்ததும், 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியதும் அங்கத்தினர் அறிந்தவை. நூலைச் சங்கம் வாங்கி உறுப்பினருக்குக் கொடுப்பது என்னும் ஏற்பாட்டை, வெறும் இருப்புப் பதிவேட்டு வேலையாக நினைப்பவர் லியோன் கதையை மறுபடி படிக்கவேண்டும். அன்றியும் ஒரு சிறு காரியம். சங்கச் செலவில் அடித்த அட்டைக் கட்டுகள் பல இடங்களில் இருப்பில் ஏறுவதில்லை. நாடா, அச்சு, விழுது எல்லாம் ஏறும். அட்டை மட்டும் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கிடக்கும். சித்திரம் வியாபாரி கையில் இருந்ததனால் லியோன் தறிக்காரர் இழந்தது எவ்வளவு என்று கண்டோம். அட்டைக் கட்டு ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டு, இன்ன டிசைன், இத்தனை அட்டை, அடித்த தேதி, யாரிடம் உள்ளது என்று எழுதி, ஈரமும் எலியும் அண்டாத இடத்தில் வைப்பதற்குப் பெருஞ்செலவில்லை. ஜக்கார்டு கட்டும் நாட்களுக்குக் கூலி விகிதத்தில் இடமுண்டா என்பதையும் அடுத்த பொதுக்கூட்டத்தில் கேட்கலாம்.

ஜக்காரின் அட்டை தறியோடு நின்றுவிடவில்லை. இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் என்னும் கணித அறிஞர், தாம் திட்டமிட்ட கணக்கு யந்திரத்துக்குக் கட்டளையிட இந்த அட்டைகளையே தேர்ந்தார். அதனை விளக்கி 1843-இல் எழுதிய அடா லவ்லேஸ் அம்மையார், அந்த யந்திரத்தைத் தறிக்கு ஒப்பிட்டார். 1890-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிக்கணக்கு, ஹாலரித் என்பவரின் துளையட்டைகளால் எண்ணப்பட்டது. பின்னர் வந்த கம்ப்யூட்டர்களும் நெடுங்காலம் அட்டையையே உண்டு வாழ்ந்தன. 1983-இல் மிலான் பொருட்காட்சியில் அட்டையற்ற மின்னணு ஜக்கார்டு வெளிவந்தது. காஞ்சிபுரத் தறிகளிலும் அத்தகையவை ஏறியுள்ளன. துளை என்றால் எழு, துளையில்லை என்றால் இரு என்ற பேச்சு இப்போது கண்ணுக்குத் தெரியாத மின்சாரத்தில் நடக்கிறது.

ஜக்கார் இறந்தபின் லியோன் மக்கள் அவருக்கு 1840-இல் சிலை வைத்தனர். அதற்கு முந்திய ஆண்டிலேயே நெசவாளர் தங்கள் முறையில் வேறொரு நினைவுச் சின்னம் செய்துவிட்டனர். போன்பான் என்ற ஓவியர் தீட்டிய படத்தைப் பார்த்து, ஜக்கார்டு தறியிலேயே அவர் உருவத்தைப் பட்டில் நெய்தனர். அதற்கு வேண்டியிருந்த அட்டைகள் 24,000. கரையும் முந்தானையும் சேர்ந்த புடவைக்கு நாம் அடிக்கும் அட்டைகளை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். படத்தில் முதியவர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். கையில் அளவுகோல் கவை, பக்கத்தில் தறியின் சிறு மாதிரி, அருகே துளையிட்ட அட்டைகள். பார்ப்பவர் பலர் அதனை அச்சிட்ட படம் என்று நினைத்து ஏமாந்தனர். பாபேஜ் ஒரு படியை வாங்கித் தம் வீட்டில் மாட்டி வைத்திருந்தார். படத்தின் அடியில் ஜக்காரின் பெயரும், பிறந்து இறந்த தேதிகளும் நெய்யப்பட்டுள்ளன. அவற்றோடு, நெய்த கார்க்கிய்யா என்பவரின் பெயரும் அதே பட்டிழையில் எழுந்து நிற்கிறது.